நூறு கிராம் பாலக்கீரை

அக்டோபர் 6, திங்கள்

மருத்துவர் கேட்டதற்காக இந்த நோட்டைத் தொடங்குகிறேன். என் கணவர் ஆசீர் என்ன சாப்பிடுகிறார், மாத்திரை எத்தனை மணிக்கு, அன்றைக்கு வேறு ஏதாவது மாற்றம் உண்டா என்று தினமும் குறிக்க வேண்டுமாம். மனதில் பட்டதை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இருபத்து நான்கு வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நோட்டு என்றால் எனக்குப் பத்தி பிரித்த தாள்தான்.

ஏப்ரலில் அவருக்கு இதய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் அது அடிக்கும் சத்தம் கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பத்து நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். அந்த எண் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் எங்காவது கசியும். இன்று 2.1.

கீரை இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவு சாப்பிடட்டும், அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஒரே அளவு என்பதுதான் சிக்கல். கடைந்த கீரையில் ஒரு கரண்டிக்குள் எத்தனை இலை இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பச்சை இலையை எடை போடலாம். ஆகவே சாலட்.

இன்னொன்று. ஹைதராபாத் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு வருடப் பணி. டிசம்பர் 10க்குள் பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று முறை எண் சரியாக வந்தால், ஆசீர் தனியாக இருந்துகொள்வார் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று என்பது சிறிய மாதிரிதான். ஆனால் அவ்வளவுதான் காலம் இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

செய்முறையை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள இங்கே எழுதுகிறேன். பாலக்கீரை இலை மட்டும் நூறு கிராம், காம்பு இல்லாமல். மூன்று தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் இலையில் ஒட்டாது, கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கும். அகலமான கிண்ணத்தில் இலை. மேலே அவித்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, அவித்த முட்டை ஒன்று நாலாக வெட்டியது, வறுத்த வேர்க்கடலை கொஞ்சம்.

சிறிய வாணலியில் நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. சீவிய பூண்டு, சின்ன வெங்காயம், கிள்ளிய மிளகாய் வற்றல். வெங்காயம் ஓரம் சிவந்ததும் துருவிய கருப்பட்டி ஒரு தேக்கரண்டி. அது கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எலுமிச்சைச் சாறு; இல்லையென்றால் கசக்கும். சூடு ஆறுவதற்குள் இலைமேல் ஊற்றிப் புரட்ட வேண்டும். இலை பாதி துவளும், பாதி மொறுமொறுவென்று நிற்கும். அந்த நிலையில் உடனே சாப்பிட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு வைத்தேன். ஆசீர் கிண்ணத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னது இது? வேக வைக்க மறந்துட்டியா?"

"வேக வைக்கக் கூடாது. சூடா எண்ணெய் ஊத்திருக்கு."

"ஆட்டுக்குக் கட்டித் தொங்க விடுத மாதிரில்லா இருக்கு."

"தொங்க விடணும்னாலும் விடலாம்."

"அப்போ ஒரு கயிறும் வாங்கிட்டு வந்திரு" என்றார். எல்லாவற்றையும் சாப்பிட்டார். கடைசியில் கிண்ணத்தின் அடியில் இருந்த எண்ணெயை விரலால் வழித்ததைப் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

100 கி. மாத்திரை 6 மணி. வெயில். துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது.

நாசரேத்திலிருந்து மைனி தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஆசீரின் அக்கா.

"ஏ பெர்சிஸ், என் தம்பிக்குப் பச்ச எலைய போடுதியாமே? அவன் என்ன பாவம் செஞ்சான்?"

"டாக்டர் சொன்னது மைனி."

"டாக்டர் வீட்டுல அவன் பொண்டாட்டி அதத்தான் போடுதாளா?"

நல்ல கேள்வி. என்னிடம் தரவு இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஐஎன்ஆர் 2.0. பத்து நாளும் நூறு கிராம். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. மருத்துவர் மாத்திரை அளவைக் கூட்டினார்.

தராசைச் சந்தேகித்து, அடைத்த ஒரு கிலோ சர்க்கரையை வைத்துப் பார்த்தேன். 1004. தராசு குற்றமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. துணி அறைக்குள் கொடி கட்டி.

ஆசீர் நடக்கப் போகாததால் இருவரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தோம். அவர் செய்தித்தாளை இரண்டு முறை வாசித்தார். நான் விடைத்தாள் திருத்தினேன். மாலையில், "மழை விடாது போல" என்றார். "விடாது" என்றேன்.

தூத்துக்குடி துறைமுகத்தில் அவருக்கு வேலை. இருபது வருடம் சனிக்கிழமை இரவு வந்து திங்கள் காலை போவார். பிள்ளைகள் இல்லை. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட ஒரு விஷயம் வேண்டுமே.

அக்டோபர் 23, வியாழன்

100 கி. மழை ஐந்தாம் நாள். துணி வாடை அடிக்கிறது. கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆசீர் இன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கி, கொண்டைக்கடலை மட்டும் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டார். மழைக்குப் பசிக்கிறது போலும்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். நிற்கப் பத்து நிமிடம் ஆனது. ஐஎன்ஆர் 4.3.

மருத்துவர், "வேற என்ன சாப்பிட்டார்? நாட்டு மருந்து, கஷாயம், ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன் நான். ஆசீரும் தலையை ஆட்டினார்.

மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்ல மேடம்" என்றார். ஒழுங்காக எழுதப்பட்ட தவறு என்று ஒன்று உண்டு. வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன். மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார்.

அக்டோபர் 31, வெள்ளி

மழை விட்டு மூன்று நாள். ஆசீர் மறுபடி நடக்கப் போகிறார். வழக்கமாகக் காலை 6:35க்குத் திரும்புவார். இன்று 6:55. நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்ததால் அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்க்க முடிந்தது. துணி நேற்றே எடுத்தாயிற்று என்பது மேலே போன பிறகுதான் நினைவு வந்தது.

100 கி. "பசியில்ல" என்றார். ஆனாலும் முடித்தார்.

நவம்பர் 5, புதன்

8:10. கரண்டி கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. வலது கை. ஏதோ சொன்னார், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. அடுத்த வீட்டுக்காரர் காரில் பன்னிரண்டு நிமிடத்தில் மருத்துவமனை. போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. "பெர்சிஸ், அடுப்ப அணைச்சியா?" என்று தெளிவாகக் கேட்டார்.

ஐஎன்ஆர் 1.7. சிறு கட்டி ஒன்று மூளைக்குப் போய், அதுவாகக் கரைந்திருக்கும் என்றார்கள். அடுத்ததும் கரையும் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டும். ஊசி.

விரல்களில் பலம் வந்துவிட்டதா என்று பார்க்க அவருடைய வலது கையைப் பிடித்திருந்தேன். மாலை வரை பார்த்தேன்.

நவம்பர் 8, சனி

நேற்று வீடு திரும்பினோம். இன்று நோட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்தேன்.

இலை மாறவில்லை. மாத்திரை மாறிய அளவுக்கு எண் மாறியிருக்க வேண்டும்; அதைவிடப் பல மடங்கு ஆடியிருக்கிறது. ஆகவே நான் அளக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. எண் ஏறியது ஒரே ஒரு பத்து நாளில். அந்தப் பத்து நாளில் நான் எழுதிவைத்தது துணி காயவில்லை என்பது மட்டும்தான். வெயில் அடித்த நாட்களில் எண் இறங்குகிறது, மழை பெய்தால் ஏறுகிறது. மழைக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இருக்க முடியாது. மழை நாளில் ஆசீர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான்: நடக்கப் போவது.

நடப்பதால் எண் இவ்வளவு இறங்காது. போகிற இடத்தில் என்ன இருக்கிறது?

நேராகக் கேட்டிருக்கலாம். "ஒண்ணும் இல்ல" என்று அன்றைக்கு மருத்துவரிடம் எதையும் பார்க்காமலே நானும் சேர்ந்து சொன்னேன். அதனால் பார்த்துவிட்டுக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மெதுவாக நடக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. "நானும் வாரேன்" என்றேன். ஆசீர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நீயா? எதுக்கு?"

"நடக்கத்தான்."

அவர் நடக்கும் மைதானத்தின் வாசலில் ஒரு தள்ளுவண்டி. பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து ஆவி பறக்க, சுற்றி ஏழெட்டுப் பேர் கையில் டம்ளரோடு நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் வண்டிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி! அஞ்சு நாளா ஆளையே காணும்! உடம்புக்கு முடியலயா?" கேட்டுக்கொண்டே இரண்டு டம்ளர்களை நிரப்பினார். "இவிய நம்ம டீச்சரா? வாங்க டீச்சர். அண்ணாச்சிக்கு எப்பவும் ரெண்டு. ஒங்களுக்கு?"

"என்ன சூப் இது?"

"முருங்கைக்கீரை. நம்ம வீட்டு மரம். ஆபரேஷன் ஆன உடம்புக்கு ரத்தம் ஊறணும்லா? நாந்தான் ரெண்டா குடிக்கச் சொன்னேன்."

வண்டிக்காரரின் பெயர் இசக்கிப்பாண்டி. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. நல்ல மனிதர். நான் டம்ளரை வாங்கி வண்டியின் மேலேயே வைத்துவிட்டேன். ஆசீர் என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தார்.

ஆலமரத்தடிச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம்.

"எத்தன நாளா?"

"ஜூலையில இருந்து."

"டாக்டர் கேட்டாரே, வேற என்ன சாப்பிட்டீங்கன்னு."

"சாப்பிட்டதத்தானே கேட்டாரு. இது குடிக்கிறது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல பெர்சிஸ், சத்தியமா. கீரைன்னா நீ எடை போட்டு வைக்கியே, அதுன்னுதான் நெனச்சேன். சூப்புல எலையே கெடக்காது."

"அரைச்சு ஊத்துனா கீரை இல்லாம போயிருமாக்கும்?"

"நெசமாவே அதனாலதானா கை விழுந்துச்சு?" என்றார்.

"அதனாலதான்."

வலது கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். "தினம் நாலு பேரு நின்னு பேசுவோம். சூப்புக்காக மட்டும் இல்ல. வீட்டுல..." என்று தொடங்கினார். முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மாலையில் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேண்டாம் என்றார். மருந்தளவை அதற்கேற்ப மாற்றித் தருவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் ஆசீரிடம், "நீங்களே சொல்லுங்க. சூப்பா, சாலட்டா?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா சூப்புக்காரன் வரமாட்டான். சாலட்டே இருக்கட்டும்" என்றார். "அங்க போயி சும்மா நிக்கேன். இசக்கி சுக்குக் காப்பியும் வச்சிருக்கான்."

அவர் சூப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

நவம்பர் 12, புதன்

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது ஆசீர் இலை அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி நான் பண்ணுதேன். நீ தள்ளி நின்னு சொல்லு."

சூப் விஷயத்துக்குப் பரிகாரம் செய்கிறார் என்று நினைத்தேன். ஈரத்தைச் சரியாக ஒற்றவில்லை. வெங்காயம் கரிந்தது. அடுப்பை அணைக்காமலே எலுமிச்சைச் சாற்றை ஊற்றினார். வாணலி சீறியதும் ஓரடி பின்னால் துள்ளினார்.

"இது என்ன பெர்சிஸ், பாம்பு மாதிரி!"

"அணைச்சிட்டு ஊத்தணும்."

"இத முன்னாடியே சொல்லப்பிடாதா?"

"ரெண்டு தடவ சொன்னேன்."

கசந்தது. சாப்பிட்டார். நான் இரண்டு இலை எடுத்து வாயில் போட்டேன். இதுவரை இதை நான் ருசி பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 15, சனி

102 கி. வந்ததால் ஒரு இலையை எடுத்துவிட்டு மறுபடி எடை போட்டார். "ஒரு எலையில என்ன இருக்கு" என்று நானே சொல்லவேண்டியதாயிற்று.

நவம்பர் 18, செவ்வாய்

2.6. ஒன்று.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. கோயிலிலிருந்து நனைந்து வந்தோம். இசக்கிப்பாண்டி தன் மகளுக்குக் கல்லூரியில் எந்தப் பாடம் நல்லது என்று என்னிடம் கேட்கச் சொன்னாராம். ஆசீர் அதைச் சொல்ல, புள்ளியியல் என்றேன். "அந்தப் பிள்ளையப் பாத்தா ஒனக்குப் பாவமா இல்லயா?" என்றார். அந்தப் பெண்ணின் மதிப்பெண் பற்றி, கட்டணம் இல்லாத இடங்கள் பற்றி, இசக்கிப்பாண்டியின் இரண்டு மரங்கள் பற்றி மதியம் வரை பேசினோம். பேச இவ்வளவு இருந்தது வியப்புதான்.

நவம்பர் 28, வெள்ளி

3.0. இரண்டு.

வெங்காயம் இப்போது சரியான பதத்தில் எடுக்கிறார். கருப்பட்டியைக் கொஞ்சம் கூடப் போடுகிறார். கருப்பட்டிக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். காலையில் அவர் இலை ஒற்றிக்கொண்டிருந்தார். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"ஹைதராபாத்தா?"

முட்டை கையிலேயே இருந்தது.

"ஜனவரியில நீ அப்ளிகேஷன் பிரிண்ட் எடுத்தேல்லா. மெஷினுக்குள்ள ஒரு பக்கம் சிக்கி நின்னுட்டு. மறுநாள் நான் கரண்ட் பில் எடுக்கப் போனேன், அது வந்துச்சு." துண்டை மடித்து, மறுபக்கம் ஒற்றினார். "தங்குத எடம் தனியாளுக்கா, குடும்பத்துக்கான்னு கேட்டிருந்தான். நீ தனியாளுக்குன்னு டிக் போட்டிருந்தே."

ஜனவரியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கவில்லை. வால்வைப் பற்றி யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தை நிரப்பியபோது நான் நன்றாக யோசித்துத்தான் நிரப்பினேன். திரும்பி வருவதைப் பற்றி அதில் யோசிக்கவில்லை. இதை அவரிடம் மறுத்துச் சொல்லியிருக்கலாம்.

"அப்போ போயிரணும்னுதான் நெனச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ உள்ளதத்தான் சொல்லுவே." இலையைக் கிண்ணத்தில் கொட்டினார். "அப்புறம் ஆஸ்பத்திரி வந்துட்டு. உங்களுக்காகத்தான் இருக்கேன்னு ஒரு நாள் நீ சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். எண்ணெய வைக்கட்டா?"

"வைங்க."

"அதுக்குத்தான் இதப் படிக்கேன். பத்து நாளா நோட்டுலயும் நாந்தான எழுதுதேன், எடைய. நீ போகணும்னா போ பெர்சிஸ். எனக்கு நூறு கிராம் போடத் தெரியும்."

அவர் எழுதிய எடைகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிறிய, சரிந்த எழுத்து. என் பத்திகளுக்குள் ஒழுங்காக அடங்கியிருக்கிறது.

எண்ணெய் காய்ந்துவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

100 கி. குறிப்பு எதுவும் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

2.8. மூன்று.

மருத்துவர் கைகொடுத்தார். இனி மாதக் கடைசியில் ஒருமுறை வந்தால் போதும். டிசம்பர் 30, அதற்கடுத்தது ஜனவரி 31. ஆசீர் வெளியே வந்ததும் பெட்டிக்கடையில் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை, சோடா இந்த மாத்திரைக்கு ஆகுமா என்று என்னைக் கேட்டார். ஆகும் என்றேன். பிறகு அவரும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

எதிர்பார்த்த முடிவு. நான் வகுத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். சோடா குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

டிசம்பர் 10, புதன்

காலையிலேயே உட்கார்ந்து பதில் அனுப்பினேன். வருகிறேன் என்று. அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. அதைச் செய்ய என்னால் முடியும். நாற்பத்தொன்பது வயதில் இன்னொரு முறை கேட்க மாட்டார்கள். ஆசீருக்காக இருந்துவிட்டேன் என்று எழுதவேண்டிய நிலை வராததற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், சொன்னால் சங்கடப்படுவார்.

தங்குமிடம் தனியாளுக்கு என்றே மறுபடியும் குறித்தேன். தனியாகத்தானே இருக்கப்போகிறேன்.

பிறகு ரயில் டிக்கெட் எடுத்தேன். சென்னை வழியாக. அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன். சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது ஆசீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெர்சிஸ், இதுல ரெண்டு இருக்கு."

"ஆமா."

"ஒண்ணு இந்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதி போறதுக்கு. இது ஜனவரி இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கு. ஹைதராபாத்துல இருந்து இங்க."

"ஜனவரி முப்பத்தொண்ணு உங்களுக்கு ரத்தம் எடுக்கணும்லா."

"அத நானே போயி எடுத்துக்கிடுவேனே."

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இரண்டாவது தாளை இன்னொரு முறை, ரயில் எண்ணிலிருந்து இருக்கை எண் வரை வாசித்தார்.

"தேதிய மாத்திப் போட்டுட்டியோன்னு பாத்தேன்" என்றார்.

"நான் தேதிய மாத்திப் போட மாட்டேன்."

"ஆமா," என்றார். "நீ போட மாட்டே."